தலை சாய ஒரு சுவர்: ஊஞ்சக்காட்டுப்புதூர்க் கல்சாவடியில் ஒரு ஞாயிறு

பின்னலாடை நகரத்துத் தோழியரே, தோழர்களே! விடியுமுன் சோற்றுப் பாத்திரத்தைக் கையில் பிடித்துச் சாலையோரத்தில் கம்பெனி வண்டிக்காக நிற்பவர்களே! நீங்கள் தைத்த சட்டை உலகத்தின் தோளில் கிடக்கிறது. உங்கள் முதுகு சாய ஒரு சுவர் இல்லை. இதுவே என் வழக்கு. சுவர் இல்லாமலா போயிற்று? இருக்கிறது. வழிநடப்போர் இளைப்பாறுவதற்கென்று முன்னோர் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சாவடிகள் இந்த வட்டாரத்துப் பழைய வண்டித்தடங்களில் இன்னும் நிற்கின்றன. அவற்றைத்தான் ‘பழுது’ என்று சிவப்பு மையால் குறியிட்டு இடிக்கிறோம். இடித்த இடத்தில் பளபளக்கும் நிழற்குடை ஒன்றை நிறுத்தி, கொடுத்தவர் பெயரை இருக்கையைவிடப் பெரிதாக அதன் நெற்றியில் எழுதுகிறோம்.

அவ்வாறு இடிபடக் காத்திருக்கும் ஒரு சாவடியைச் சென்ற ஞாயிறன்று கண்டுவந்தேன். கண்டுவந்தேன் என்பது முழு உண்மையன்று. அதன் கூரைமேல் ஏறிக் கட்டை பிடித்துத் தட்டிவந்தேன். நீங்களும் போகவேண்டும் என்பதற்காகவே வழி, தொலைவு, செலவு யாவும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தப் பயணம் என் திட்டத்தில் இல்லை. திருப்பூரில் ஒரு படிப்பு வட்டத்தார் சனிக்கிழமை மாலை என்னைப் பேச அழைத்திருந்தார்கள். கல்லில் எழுதப்பட்ட தமிழர் வாழ்வு என்பது பொருள். ஒரு மணி நேரம் முழங்கினேன், கைதட்டலுக்குக் குறைவில்லை. சம்பள நாளாதலால் கூட்டம் முடிந்தவுடன் அனைவரும் கடைவீதிக்கு விரைந்தனர். நாற்காலி அடுக்குவோர் நடுவே ஓர் இளம்பெண் மட்டும் எனக்காக நின்றாள். கழுத்தில் சிறு சிலுவை. நகக்கண்களில் வெள்ளைச் சுண்ணாம்பு.

“எக்கா, நல்லாப் பேசுனிய. எனக்குக் கண்ணு கலங்கிட்டு” என்றாள். “ஆனா கல்லு பேசாதுல்லா, ஒழுகத்தான் செய்யும். நாளைக்கு எங்க சாவடிக்கு வாரியளா? கை தட்டுனவுக அம்புட்டுப் பேரையும் கூப்பிட்டேன். எல்லாருக்கும் நாளைக்குத்தான் துணி தொவைக்கணுமாம்.”

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ மறுப்புரை கேட்டிருக்கிறேன். இவ்வளவு அன்பாக எவரும் என்னை மடக்கியதில்லை. வருகிறேன் என்றேன்.

அவள் பெயர் மேரி. சாத்தான்குளத்துப் பக்கத்தவள், பனியன் கம்பெனியில் ‘செக்கிங்’ பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் ஆடையை விளக்கொளியில் விரித்து, பிழை கண்ட இடத்தில் சிறு சிவப்பு அம்பு ஒட்டுவது அவள் வேலை. அவளுடைய தாயும் இதே ஊரில் பனியன் தைத்தவர். மேரியின் சிறு வயதில் பள்ளி விடுமுறைகளில் அந்தத் தாய் அவளையும் வேலைக்கு உடன் அழைத்துப்போவாராம். “வண்டி வருத வரைக்கும் ரோட்டுலதான் நிப்போம். அம்மை இடுப்புல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்குவேன். அம்மை சாய ஒண்ணும் கெடையாது. அதான் எனக்கு இந்தச் சாவடி வேணும்” என்றாள். இவ்வளவே அவள் கோரிக்கை.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பழைய பேருந்து நிலையத்தில் அவிநாசி வழி நகரப் பேருந்தில் ஏறினேன். சாதாரணப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை. ஆடவர் பத்து ரூபாயைச் சில்லறையாக வைத்துக்கொள்வது நலம், நடத்துநரின் காலைப்பொழுதைக் கெடுக்காதீர்கள். காதர்பேட்டைப் பக்கம் அந்நேரத்திலேயே பனியன் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அரை மணியில் அனுப்பர்பாளையம். நிறுத்தத்தில் இறங்கியதும் ஏதோ ஒரு பட்டறையில் பாத்திரம் தட்டும் ஓசை கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஓயாத ஊர்.

அங்கிருந்து ஊஞ்சக்காட்டுப்புதூர் உள்சாலையில் ஆறு கிலோமீட்டர். ஞாயிறன்று சிற்றுந்து கிடையாது, தானிதான். நூற்றைம்பது ரூபாய் கேட்டார் ஓட்டுநர்.

“சாவடிக்குங்களா? எந்தக் கம்பெனிங்க?”

“கம்பெனி இல்லை ஐயா. சாவடியைத்தான் பார்க்கப் போகிறேன்.”

“அதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? அத இடிக்கறாங்களாமா.”

“இடிக்கக் கூடாது என்று சில பிள்ளைகள் உழைக்கிறார்களே?”

“ஆமாங்க, அந்தப் பைத்தியங்க! ஞாயித்துக்கெழமையானா கறி எடுத்துத் தின்னுபோட்டுத் தூங்கறத உட்டுப்போட்டு, கூரை மேல ஏறி டொக்கு டொக்குன்னு தட்டீட்டு இருக்குதுங்க” என்றவர், சற்றுத் தூரம் சென்றபின் தாமாகவே சொன்னார்: “அவிங்களுக்கு மணலு மூட்டை இந்த வண்டீலதானுங்க போச்சு. வாடகை வாங்கலீங்க.”

“அப்படியானால் நீங்களும் பைத்தியம்தானா?”

“பாதிங்க.”

என்னிடம் மட்டும் நூற்றைம்பதையும் முழுதாக வாங்கிக்கொண்டார்.

சாவடி சிறியது. முன்னே ஆறு கல்தூண்கள். பின்னே செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசிய நீண்ட சுவர். மேலே சுண்ணாம்புத் தளக் கூரை. இருபது பேர் கால்நீட்டி அமரலாம். வண்டிமாடு பூட்டிப் பஞ்சு கொண்டுபோனவர்கள் இறங்கி இளைப்பாறிய இடம் என்கிறார்கள். கல்வெட்டு ஏதுமில்லை, ஆகவே அகவை சொல்ல மாட்டேன். இப்போது அதன் எதிரேதான் நான்கைந்து கம்பெனி வண்டிகள் வந்து ஆளேற்றுகின்றன.

சென்ற ஆண்டு மழையில் கூரைப்பூச்சு ஒரு கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, எவர்மீதும் விழவில்லை. அன்றே ஊராட்சி சாவடியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டது. கயிற்றுக்கு வெளியே, சாலையில், மழையில் பெண்கள் நிற்கிறார்கள். இடித்துவிட்டு நிழற்குடை கட்டித்தர வணிகர் ஒருவர் முன்வந்திருக்கிறார். அக்டோபர் இரண்டாம் நாள் கிராம சபையில் தீர்மானம் வருகிறது. அதற்குள் கூரை ஒழுகாமலும் சுவர் உதிராமலும் காட்டினால் பார்க்கலாம் என்று ஊராட்சியார் காலம் கொடுத்திருக்கிறார்கள்.

காட்டுவதற்கு உழைப்பவர்கள் ஏழு பேர். எழுவரும் பனியன் கம்பெனி இளைஞர்கள். கூலியின்றி ஞாயிறுதோறும் வருகிறார்கள். அவர்களுக்குச் சுண்ணாம்பு வேலை பழக்குபவள் நந்தினி. கோவையில் கட்டடக்கலை பயின்றவள். மேரியைவிட நான்கு அகவை மூத்தவள், அவ்வளவே. இருவரும் ஒருவரையொருவர் ஓயாமல் சீண்டிக்கொள்கிறார்கள்.

“ஒருவாட்டி சிமெண்டு வச்சு விரிசல அடைச்சிருக்காங்க பாருங்க” என்று சுவரின் ஓரிடத்தைத் தட்டிக்காட்டினாள் நந்தினி. உள்ளே பொள்ளலாக ஒலித்தது. “சுண்ணாம்புச் செவுரு மூச்சு உடோணுங்க. சிமெண்டு போட்டு மூக்கப் பொத்திட்டாங்க. உள்ளார ஈரம் நின்னு செங்கல்லு கரைஞ்சு போச்சு.”

“இவளும் அப்படித்தான்க்கா, எங்கள மூச்சு உட மாட்டா” என்றாள் மேரி.

வேலை நடக்கும் முறையைக் கண்டு வியந்தேன். பனியன் கம்பெனியில் தையற்காரர் வரிசையாக அமர்ந்திருக்க, துணியை எடுத்துக்கொடுத்து வாங்கி அடுக்கும் உதவியாளைக் ‘கைமடி’ என்பார்கள். இங்கும் அதே ஒழுங்கு. ஒருவன் சுண்ணாம்பு சலிக்கிறான். அடுத்தவள் மணலும் செங்கற்பொடியும் அளந்து சேர்க்கிறாள். மற்றொருவன் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றிக் குழைக்கிறான். கைமடி ஒருவன் சட்டியை ஏணிவழி மேலே ஏற்றுகிறான். கூரையில் புதுத்தளத்தை மரக்கட்டையால் இடைவிடாது தட்டவேண்டும். தட்டத் தட்டத்தான் இறுகும். வடநாட்டுத் தோழன் ஒருவன் ‘ஏக், தோ’ என்று தாளம் எடுத்துக்கொடுக்க, தென்பாண்டிக் கைகள் அதற்குத் தட்டுகின்றன. ஈரம் காயாதிருக்க மேலே போர்த்துவது எதை? காதர்பேட்டையில் எடைக்கு விற்கும் பனியன் வெட்டுத்துண்டுகளை! நீலமும் மஞ்சளும் சிவப்புமாக நனைந்த துணி, பழங்கூரைக்குப் பிள்ளைப்போர்வை போலக் கிடந்தது.

சுவர் முழுதும் சிவப்பு அம்புகள். மேரியின் கைவண்ணம். கம்பெனியில் பிழைக்கு ஒட்டும் அதே அம்பை விரிசல்தோறும் கறைதோறும் ஒட்டியிருந்தாள். அம்பு கண்ட இடத்தை அடுத்தவர் சரிசெய்து, அம்பை உரித்துவிடுவார். நந்தினியே இந்த முறையை மெச்சினாள். ஆனால் அந்த முறைதான் அன்று அவர்களைக் கவிழ்த்தது.

நான் கூரையில் இருந்தபோது கீழே சுவரடியில் உட்கார்ந்து வேலை செய்தவன் பாண்டி. கமுதிக்காரன், கம்பெனியில் ஆடையின் கறை நீக்குபவன். மருந்து பீய்ச்சும் சிறு மின்கருவி ஒன்றைத் துப்பாக்கிபோலப் பிடித்து எந்தக் கறையையும் எடுத்துவிடுவான். அந்தக் கருவியையே கேட்டு வாங்கிவந்து, எதிர்த் தேநீர்க்கடையிலிருந்து மின்கம்பி இழுத்து, சுவரில் படிந்திருந்த வெற்றிலை எச்சிலை எல்லாம் நீக்கிக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்குத் தேநீர் வந்தது. அனைவரும் இறங்கினோம். பாண்டி களைத்துப்போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்மூடினான். எதிரே நின்று தேநீர் ஆற்றிய மேரியின் கை அப்படியே நின்றது.

“ஏல பாண்டி, அசையாத.”

“என்னக்கா, பல்லியா?”

“அசையாதங்கேன்ல. ஆங், இப்ப எந்திரி.”

எழுந்தான். அவன் தலை இருந்த இடத்தில், சுவரில், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாகக் கருத்த வட்டம். ‘எண்ணெய்க் கறை’ என்று அதன் பக்கத்தில் மேரியின் அம்பு.

“திரும்ப உக்காரு.”

உட்கார்ந்தான். தலை கச்சிதமாக அதன்மேல் பொருந்தியது. மேரி தேநீரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கறையின்கீழ்த் தான் அமர்ந்தாள். அவள் தலையும் பொருந்திற்று. பிறகு ஒவ்வொருவராக அமர்ந்தோம். உயரமான வடநாட்டுத் தோழனுக்கு உயரத்தில் ஒன்று. குள்ளமான எனக்குத் தாழ ஒன்று. சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. “அக்காவுக்கு அளவெடுத்து வச்சிருக்காக!” என்று யாரோ என்னைப் பகடி செய்தார்கள்.

நந்தினி மட்டும் உட்காரவில்லை. சுவரை நோக்கி நின்றாள். “இது கறை இல்ல” என்று மெல்லச் சொன்னாள். “தலைங்க. வந்து உக்காந்தவங்க எல்லாரும் சாஞ்ச தலைங்க. எத்தன வருச எண்ணெயோ.”

சிரிப்பு அடங்கியது. அனைவரும் திரும்பிச் சுவரைப் பார்த்தோம். பத்து வட்டங்கள். இடக்கோடியில், ஒரு வட்டத்தை ஒட்டினாற்போல, மிகத் தாழ்வில், புதுப்பல் போல வெளேரென்று ஓரிடம்.

“அங்க ஒண்ணு இருந்துச்சு” என்றான் பாண்டி. முகம் வெளுத்திருந்தது. “சின்னதா. எட்டுற எடத்துல இருந்துச்சுன்னு அதத்தான் மொதல்ல எடுத்தேன். மருந்து அடிச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு... அம்பு இருந்துச்சுக்கா. அம்பு இருந்தா நாங்க கேள்வி கேக்க மாட்டோம்ல.”

“அம்பு ஒட்டுனது நான்லா” என்றாள் மேரி.

அவ்வளவு தாழ்வில் பெரியவர் தலை எதுவும் எட்டாது. அடுத்த வட்டத்துக்கும் அதற்கும் ஒரு தோளளவுகூட இடைவெளி இல்லை. யார் சொல்லவும் தேவையிருக்கவில்லை. ஒரு தாயும் பிள்ளையும். ஒரே நாளில் எந்தத் தலையும் அப்படிக் கறை பதிக்காது. எத்தனையோ தாய்மார், எத்தனையோ பிள்ளைகள் அதே மூலையில் ஒதுங்கி அமர்ந்திருக்கவேண்டும். இது எங்கள் உய்த்துணர்வே. சான்று கேட்டால் சுவரைத்தான் காட்டமுடியும்.

பாண்டி எழுந்தான். “கடையில தேங்காண்ணெய் வாங்கியாறேன். லேசாத் தடவி விட்டா பழையபடி ஆயிரும்ல?”

“ஆகும் பாண்டி” என்றாள் நந்தினி. கடியாமல், அவன் தோளைத் தொட்டே சொன்னாள். “பாக்கறதுக்கு ஆகும். ஆனா அது உன்ற கை. அவங்க தலை இல்ல. நாம போலி பண்ணக் கூடாது. போனது போனதாவே இருக்கட்டும்.”

மேரி, மீதமிருந்த பத்து வட்டங்களின் பக்கத்திலிருந்த அம்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தாள், காய்ந்த புண்ணின் பொருக்கை எடுப்பவளைப் போல. அம்மை இடுப்பில் சாய்ந்து நின்றே தூங்கிய பிள்ளை அவள். சாய்ந்து தூங்கிய ஒரு பிள்ளையின் அடையாளத்துக்குத் தானே அம்பு ஒட்டிவிட்டோம் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல யார் வேண்டும்?

பதினொரு மணிக்கு வார்டு உறுப்பினர் கமலம் தம் வண்டியில் வந்து இறங்கினார். நாற்பது அகவை இருக்கும். அன்று காலைதான் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிப் பூச்சூடியிருந்தார். இடிக்கவேண்டும் என்று ஊராட்சியில் முதலில் சொன்னவர் இவர். எனக்குள் இருந்த மேடைப்பேச்சாளி வாளை உருவிக்கொண்டாள். அவர் பேசிய முதற்பேச்சிலேயே அதை உறையிலிட நேர்ந்தது.

“நேத்துப் பேசுனது நீங்கதானுங்களா? சந்தோசமுங்க. நா ஒண்ணு கேக்கறனுங்க. இது உளுந்து ஒரு புள்ளைக்கு அடிபட்டுதுன்னா, வரலாறு வந்து ஆசுபத்திரிக்குத் தூக்கீட்டுப் போவுங்களா? என்ற ஊட்டு வாசல்லதான வந்து நிப்பாங்க?”

மறுமொழி நந்தினியிடம் இருந்தது. “தண்ணி ஊத்திப் பாத்தறலாமுங்க்கா” என்றாள்.

துணிப்போர்வையை விலக்கி, தட்டி இறுகிய பகுதியில் குடங்குடமாக நீர் ஊற்றினார்கள். கீழே அனைவரும் அண்ணாந்து நின்றோம். கமலம் ஒவ்வொரு தூணிடையாக நடந்து பார்த்தார். சொட்டவில்லை. மேரி என் கையைப் பற்றியிருந்தாள். வடகிழக்கு மூலைக்கு வந்ததும் கமலம் நின்றார். சொட்டு ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

“இந்த மூலை ஒழுகுதேங் கண்ணு.”

“அங்க இன்னும் தட்டி முடியலீங்க. ரெண்டு ஞாயிறு இருக்குதுங்க. கை பத்தலீங்க” என்றாள் நந்தினி.

கமலம் தேநீர் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். முதுகை நிமிர்த்தி, சுவரில் படாமல் அமர்ந்தார்.

“சாஞ்சுக்கங்கக்கா” என்றாள் மேரி.

“வேண்டாங் கண்ணு. தலைக்கு எண்ணெ வெச்சிருக்கறேன். கஷ்டப்பட்டுத் தொடச்சிருக்கறீங்க, செவுரு கறையாயிரும்.”

பாண்டி சிரித்தான். அன்று அந்த வெண்ணிடம் வெளிப்பட்டபின் அவன் சிரித்த முதற்சிரிப்பு. அனைவரும் சேர்ந்துகொண்டோம். கமலம் விழித்தார். பாண்டியே அவரைச் சுவரருகே அழைத்துப்போய் வட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். வெளேரென்ற இடத்தையும் மறைக்காமல் காட்டி, “இது நான் அழிச்சதுக்கா” என்றான்.

கமலம் அந்த இடத்தைத் தொட்டுப்பார்த்தார். “எங்கூட்டுச் சின்னவ இந்த ஒசரந்தான் இருப்பா, உக்காந்தான்னா” என்றார். வண்டியைக் கிளப்பும்போது திரும்பிச் சொன்னார்: “மூலை ஒழுகாம இருந்துதுன்னா அவளக் கூட்டியாந்து உக்கார வெக்கறேன். நானும் கை தூக்கறேன். ஆனா என்ற ஒரு கை பத்தாதுங்க.”

திரும்பும் வழியில் அந்த ஒரு சொல்லே என்னுடன் வந்தது. கிராம சபையில் கைதூக்க அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். மேரியின் பெயர் சாத்தான்குளத்தில் இருக்கிறது. பாண்டியின் பெயர் கமுதியில். மழையில் நிற்பவர்களுக்கு அங்கே கை இல்லை. கூரையைத் தட்ட அவர்கள் கை வேண்டும். தீர்மானத்துக்கு மட்டும் வேண்டாம்! பழமையைக் காப்பதென்றால் பளபளப்பாகத் துடைத்துவைப்பது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அன்று புரிந்தது: அழிந்த அந்தச் சிறுவட்டத்தை எந்தத் தூரிகையும் மீட்காது. சாவடி நிற்கவேண்டும், அதில் பிள்ளைகள் அமர்ந்து சாயவேண்டும், அந்த வட்டம் தானாகவே மீண்டும் வரவேண்டும். வேறு வழியில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஏழு மணிக்கே சென்றுவிடுங்கள். பதினொன்றுக்குமேல் கூரை சுடும். சுண்ணாம்பு கையை அரிக்கும். உறை கொண்டுசெல்லுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். பழைய ஆடை, தொப்பி, குடிநீர் கட்டாயம். காலைச் சிற்றுண்டியை அனுப்பர்பாளையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். சாவடி எதிரில் தேநீரும் வடையும் மட்டுமே. திரும்பத் தானி கிடைப்பது அரிது. வந்த ஓட்டுநரையே நேரம் சொல்லி வரச்சொல்லுங்கள். பாதிப் பைத்தியமானவர் அமைந்தால் நல்லது.

இனி, நேராகவே கேட்கிறேன். ஊஞ்சக்காட்டுப்புதூர் வாக்காளர்களே! அக்டோபர் இரண்டு அன்று கிராம சபைக்கு வாருங்கள். மேரிக்கு இல்லாத கையை நீங்கள் தூக்குங்கள். மற்றவர்களே! எனக்குக் கைதட்டியது போதும். அந்தக் கைகள் வருகிற ஞாயிறு வடகிழக்கு மூலைக்கு வேண்டும். தட்டுகிற கட்டை அங்கே ஏழுதான் இருக்கிறது. எட்டாவதை நீங்கள் கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துவாருங்கள். மறவாமல் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வாருங்கள்.